வெறும் தண்ணீருக்கு இரை

பாளையங்கோட்டை
3 ஜூலை 2025

ஏலே கணேஷ்ராமு,

உன் அப்பன் முத்துமாலை சொல்லச் சொல்ல பக்கத்து வீட்டு ஷம்ஸியா எழுதுகிறாள். எழுதி முடித்ததும் இதைப் படம் பிடித்து மஸ்கட்டுக்கு அனுப்புவாள். நீ எழுதினால் எனக்குப் படித்துக் காட்டுவாள். உன்னோடு பேசமாட்டேன் என்று சொரிமுத்தய்யனார் பேரில் சத்தியம் செய்திருக்கிறேன். எழுதமாட்டேன் என்று செய்யவில்லை. எனக்கு எழுதத் தெரியாது என்பதால் அப்போது அது தோன்றவுமில்லை.

நீ ஊரில் இருந்த ஒரு மாதமும் இந்த வீட்டில் நாம் இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. நீ கிளம்பிப் போனதும், அந்தச் சின்ன அறையில் அப்படி என்னதான் பூட்டி வைத்திருக்கிறாய் என்று திறந்தேன். திறந்தவன் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

கண்ணாடித் தொட்டி ஒன்று. நிறையத் தண்ணீர். தரையில் மணல் கிடையாது, கல் கிடையாது. வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய்த் துண்டு இரண்டு கிடக்கிறது. கருப்புப் பஞ்சு ஒன்று குமிழி விட்டுக்கொண்டிருக்கிறது. மீன் இல்லை. ஒரு மீன் கூட இல்லை. ஆனால் பச்சை இறால் ஒன்று, வெளுத்து, பஞ்சு பூத்து, அழுகிக் கிடக்கிறது.

நாற்றம் தாங்கவில்லை. கொல்லைப் பக்கம் ஓடினேன். ஷம்ஸியா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "பெரியப்பா, வீட்டுக்குள்ள எலி எதும் செத்துக் கெடக்கா?" என்று கேட்கிறாள். நான் என்ன சொல்ல? "எம்மவன் வெறும் தண்ணிக்கு எறா போட்டு வளக்கான்" என்றா?

கூடத்தில் இருக்கிற பெரிய தொட்டிக்கு நான் தினமும் இரை போடுகிறேன். அதில் மிஞ்சியிருக்கிற அந்த ஒற்றை ஆரஞ்சு மீன் என்னைக் கண்டால் கண்ணாடிக்கு வந்துவிடும். பேச ஆளில்லாத வீட்டில் அதனிடம்தான் நான் பேசுகிறேன். அதற்கு ராணி என்று பேர் வைத்திருக்கிறேன். உனக்குத் தெரியாது.

அந்த இறாலை நாளைக் காலையில் எடுத்தெறிந்து, தொட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடப் போகிறேன். ஒரு மரியாதைக்குச் சொல்லிவிட்டுச் செய்கிறேன்.

மாஞ்சோலையில் நம்முடைய செம்பு அண்டாவைச் சாமான் வண்டியிலிருந்து இறக்கி வீசினவனுக்கு, ஒரு அழுகின இறாலைத் தூக்கி எறியத் தெரியவில்லை.

முத்துமாலை


மஸ்கட்
3 ஜூலை 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

ஷம்ஸியா அக்கா, இதைக் கையோடு படித்துக் காட்டுங்கள். அப்பா, தயவுசெய்து அந்த இறாலைத் தொடாதீர்கள். சோப்பு வேண்டவே வேண்டாம். படித்ததும் வேலையைப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

உங்களிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். எப்படிச் சொல்வது? நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள், நானும் திருப்பிக்கொண்டேன்.

அது மருத்துவமனையில் தனி வார்டு இருக்கிறதே, அந்த மாதிரித் தொட்டி. போன வருடம் லீவில் வந்தபோது புது மீன் ஒன்றை வாங்கி வந்து நேராகப் பெரிய தொட்டியில் விட்டேன். அதன் உடம்பில் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளி. ஒரே வாரத்தில் எல்லா மீன்களும் போய்விட்டன. நீங்கள் ராணி என்கிற அது ஒன்றுதான் பிழைத்தது, நீங்கள் வரும்வரை அக்காதான் அதற்கு இரை போட்டார். அதனால் இனி எந்த மீன் வந்தாலும் முதலில் இந்தச் சின்னத் தொட்டியில் தனியாக இருந்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பெரியதற்குப் போக வேண்டும்.

ஆனால் புதுத் தண்ணீரில் மீனை விட்டால் அதன் கழிவே அதற்கு விஷமாகிவிடும். அந்த விஷத்தைத் தின்கிற உயிர்கள் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாது. அவை அந்தக் கருப்புப் பஞ்சில் வந்து குடியேற வேண்டும். குடியேற அவற்றுக்கு இரை வேண்டும். அழுகுகிற இறால்தான் அந்த இரை. முதலில் ஒரு கூட்டம் வந்து அந்த விஷத்தைத் தின்று வேறொரு விஷமாக்கும். பிறகு இன்னொரு கூட்டம் வந்து அதையும் தின்று சாதுவாக்கும். அதுவரை பொறுக்க வேண்டும். வேறு வழியில்லை.

அலமாரியில் சோதனை மருந்து இருக்கிறது. தொட்டித் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் பிடித்துச் சொட்டு விட்டால் நிறம் மாறும். முதல் மருந்தில் பச்சை வந்தால் விஷம் இருக்கிறது, மஞ்சள் என்றால் இல்லை. இரண்டாவதில் ஊதா வந்தால் இருக்கிறது, நீலம் என்றால் இல்லை. மஞ்சளும் நீலமும் சேர்ந்து வருகிற அன்று தொட்டி தயார்.

இது விளையாட்டு இல்லை அப்பா. தூத்துக்குடி ஜெனோவிடம் முட்டையிட்டுப் பழகிய ஒரு ஜோடி இருக்கிறது. எனக்காக வைத்திருக்கிறான். அந்த ஜோடி நம் வீட்டில் நிலைத்துக் குஞ்சு பொரித்தால், நானும் அவனும் பாளையங்கோட்டையில் கடை போடுகிறோம். நான் இந்த ஏசி மெக்கானிக் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவேன். இல்லையென்றால் ஆகஸ்ட் முடிவில் இங்கே ஒப்பந்தத்தை நீட்டிக் கையெழுத்துப் போட வேண்டும்.

கணேஷ்ராம்


பாளையங்கோட்டை
16 ஜூலை 2025

கணேஷ்ராமு,

நல்ல வேளை, கழுவவில்லை. ஷம்ஸியா உன் கடிதத்தைப் படித்தபோது என் கையில் தேங்காய் நார் இருந்தது.

குழாயில் தண்ணீர் பிடித்து நானே பார்க்கிறேன். முதல் மருந்தில் நல்ல வாழை இலைப் பச்சை. இரண்டாவதில் முதலில் நீலம், நேற்றிலிருந்து ஊதா. ஷம்ஸியா பெட்டியில் ஒட்டியிருக்கிற அட்டையோடு வைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டாவது கூட்டம் இன்னும் வரலை பெரியப்பா" என்று வீட்டு விசேஷத்துக்கு விருந்தாளி வராதது மாதிரிச் சொல்லுகிறாள். இறால் கரைந்துவிட்டது. நாற்றம் இப்போது பரவாயில்லை, அல்லது மூக்குப் பழகிவிட்டது.

உனக்கு ஒரு ஜோடி சேர்க்க எனக்கு வழியில்லை. மீனுக்கு ஜோடி வருகிறதாம். இருக்கட்டும்.

நீ எழுதியதை ஷம்ஸியாவை மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டேன். மனதில் ஒரு இடி விழுந்தது போல் ஆயிற்று. மீன் காரணமாக இல்லை. நான் சொல்வதைக் கேள்.

மீன் வருவதற்கு முன்னாலேயே அதற்குத் தண்ணீரைப் பக்குவம் செய்கிறாய். கண்ணுக்குத் தெரியாத உயிருக்கெல்லாம் இரை போட்டு, நிறம் பார்த்து, மாதக் கணக்கில் காத்திருக்கிறாய். சரி. என்னை எப்படிக் கொண்டுவந்தாய்? தேயிலை எஸ்டேட்டை மூடுகிறார்கள், எல்லாரும் இறங்க வேண்டும் என்றார்கள். அது உன் தப்பில்லை. ஆனால் முந்தின நாள் சாயங்காலம் வந்து மறுநாள் விடியற்காலையில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாய். பனி கூட விலகவில்லை. சட்டையில் ஊக்கு இல்லாமல் நின்றேன். அண்டாவை நான் தூக்கி ஏற்றினேன், நீ இறக்கினாய். "இந்தக் காலத்துல எவம்ப்பா அண்டாவுல தண்ணி பிடிக்கான்? கண்டதையும் ஏத்தாதிய" என்று டிரைவர் முன்னால் சொன்னாய். அது தரையில் உருண்ட சத்தம் லயன் வீடுகள் முழுக்கக் கேட்டது. முதல் போனஸில் திருநெல்வேலிக்கு இறங்கி வந்து வாங்கினது. அதன் வயிற்றில் உன் அம்மா பேரை வெட்டி வாங்கினேன். எனக்கு வாசிக்கத் தெரிந்த ஒரே எழுத்து அதுதான், மாரித்தாய். விரலை வைத்தால் தெரியும்.

மணிமுத்தாறு சோதனைச் சாவடியில் வண்டி நின்றபோது, "இனிமே இவன்கிட்ட ஒரு வார்த்தை பேசினேம்னா எம் நாக்கு அழுகிப் போவட்டும் அய்யனாரே" என்று சொன்னேன். நீ வெளியே பார்த்துக்கொண்டிருந்தாய்.

இந்த வீட்டில் வந்து இறங்கின அன்று எனக்கு ஒரு கட்டில் கிடையாது. இந்த வெக்கையும் இந்தக் குழாய்த் தண்ணீரும் எனக்கு ஒத்துக்கொள்ளுமா என்று ஒரு கண்ணாடிக் குழாயில் பிடித்து நிறம் பார்த்தாயா நீ?

(அவர் சொன்னதை மாற்றாமல் எழுதியிருக்கிறேன். கோபிக்காதே தம்பி. ஷம்ஸியா.)


மஸ்கட்
21 ஜூலை 2025

அப்பாவுக்கு,

கேட்டிருந்ததற்குப் பதில் எழுத மூன்று தாள்களைக் கிழித்துவிட்டேன். எதுவும் சரியாக வரவில்லை. அந்தப் பேச்சை இப்போது விட்டுவிடுகிறேன்.

தொட்டி விஷயம் மட்டும். ஊதா நிறம் போகும்வரை சின்ன இறால் துண்டு ஒன்று அவ்வப்போது போட்டு வாருங்கள். இரை இல்லாவிட்டால் வந்த கூட்டமும் செத்துவிடும். ஜெனோ நான் சொல்லும்வரை மீனை அனுப்பமாட்டான். ஒருவேளை முன்னதாக வந்துவிட்டால், என்ன ஆனாலும் பெரிய தொட்டிக்குள் விடக்கூடாது. சின்னத் தொட்டியிலும் இப்போது விடக்கூடாது, விஷம் இருக்கிறது. இந்த இரண்டையும் மறக்காதீர்கள்.

நீல கேன்களில் நல்ல கடல் தண்ணீர் இருக்கிறது. உபரியாக ஒரு காற்று மோட்டாரும் அலமாரியில் இருக்கிறது.

கணேஷ்ராம்


பாளையங்கோட்டை
12 ஆகஸ்ட் 2025

கணேஷ்ராமு,

இரண்டு மீனும் செத்துப்போய்விட்டன.

ஷம்ஸியா ஒரு கல்யாணத்துக்காகக் காயல்பட்டினம் போய் இன்றுதான் வந்தாள். அவள் வரும்வரை இந்தச் செய்தியை நெஞ்சில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுதச் சொன்னதும் "யா அல்லா" என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். மறுபடி எடுக்கச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு ஜெனோ வேனில் வந்தான். கையில் இரண்டு பாலிதீன் பை. ஒவ்வொன்றிலும் ஒரு மீன், ராணி மாதிரியே ஆரஞ்சு, ஆனால் பட்டை இன்னும் வெளுப்பு.

"அண்ணாச்சி, கடையில மோட்டார் அம்புட்டும் எரிஞ்சு போச்சு. இதுகளை மட்டுமாவது காப்பாத்தணும்னு ஓடியாந்தேன். தொட்டியில விட்ருங்க."

"விடக்கூடாதுன்னு எம்மவன் எழுதியிருக்கான். பெருசுலயும் கூடாது, சிறுசுலயும் கூடாது."

அவன் சின்னத் தொட்டித் தண்ணீரைச் சோதித்தான். ஊதா. தலையில் கை வைத்தான். "அப்ப ஒரு பெரிய பாத்திரத்துல கடத்தண்ணிய ஊத்தி, காத்துக் குழாயைப் போட்டு வைங்க. நான் கணேஷ்கிட்ட பேசிக்கிடுதேன். அங்கன மத்த மீனு சாவுது அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பெரிய பாத்திரம் என்ன இருக்கிறது? குளிக்கிற பக்கெட்டில் சோப்பு ஏறியிருக்கும், மீனுக்கு ஆகாது. அதை யோசித்தேன் பார், அவ்வளவு கவனமாக இருந்தேன். பிறகு என் கட்டிலுக்கு அடியில் இருந்ததை இழுத்தேன்.

அண்டாவைத்தான். அது இங்கே இருப்பது உனக்குத் தெரியாது. நாம் இறங்கின மறுநாளே மாஞ்சோலை பஸ் டிரைவர் மெர்வின் அதைக் கடைசிச் சீட்டில் வைத்துக் கொண்டுவந்து இங்கே வண்ணாரப்பேட்டை பஸ் நிறுத்தத்தில் என்னிடம் கொடுத்தான். சாக்கு போட்டு மூடி வைத்திருந்தேன். நீ பார்த்தால் மறுபடி தூக்கிப் போடுவாய் என்று.

உன் மீன் இருக்கப் போகிறது என்று, புளி போட்டுத் தேய்தேயென்று தேய்த்தேன். சூரியன் மாதிரி ஆயிற்று. பச்சைத் தண்ணீரில் மூன்று தரம் அலசினேன். கேன் தண்ணீரை ஊற்றினேன். காற்றுக் குழாயைப் போட்டேன். மீன் இரண்டும் இறங்கி, அடியில் சேர்ந்து நின்றன. உன் அம்மா பேருக்குப் பக்கத்தில்.

அப்போதுதான் போன் அடித்தது. உன் பேருக்கு என்று ஷம்ஸியா வைத்துக் கொடுத்த அந்த நாதஸ்வரச் சத்தம். எடுக்கவில்லை. நின்று மறுபடி அடித்தது. துண்டைப் போட்டு மூடினேன். பொழுது சாயும்வரை துண்டுக்குள் நாதஸ்வரம் வாசித்துக்கொண்டே இருந்தது. நீ அவ்வளவு தரம் கூப்பிடுகிறாயே என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷமாகக் கூட இருந்தது. இதைச் சொல்லாமல் விடமாட்டேன்.

காலையில் போய்ப் பார்க்கிறேன். தண்ணீர் விளிம்பு சுற்றிலும் பச்சையாக ஒரு வளையம். செம்புக் களிம்பு! மீன் இரண்டும் பக்கவாட்டில் கிடந்தன. செவுள் அசையவில்லை.

எனக்குத் தெரியாத விஷயமா இது? உள்ளே ஈயம் பூசாத பாத்திரத்தில் புளி வைக்கக்கூடாது, மோர் வைக்கக்கூடாது, உப்புப் போட்டது வைக்கக்கூடாது. பச்சைப் பிள்ளைக்குத் தெரியும். ஆனால் எழுபது வருஷம் மலையில் அந்த மாதிரிப் பாத்திரத்தில் ஊற்றுத் தண்ணீர் குடித்தவனுக்கு, தண்ணீருக்குள் உப்பு இருக்கும் என்பது கையை விட்டபோதும் தோன்றவில்லையடா. தண்ணீர் என்றால் தண்ணீர் என்றே இருந்துவிட்டேன்.

எதற்காகக் கூப்பிட்டாய்? அதை மட்டும் எழுது.

முத்துமாலை


மஸ்கட்
13 ஆகஸ்ட் 2025

அப்பா,

ஜெனோ மீனைக் கொண்டுவந்து விட்டதாகச் சொன்னதும் கூப்பிட்டேன். புது பிளாஸ்டிக் டப் ஒன்று மொட்டைமாடி ஏணிக்கு அடியில் இருக்கிறது, அதில் விடுங்கள் என்று சொல்வதற்கு. இரும்பு, செம்பு, பித்தளை எதுவும் கூடாது என்று சொல்வதற்கு. அவ்வளவுதான். ஒரு நிமிடப் பேச்சு. ஷம்ஸியா அக்காவுக்கும் அடித்தேன். கல்யாண வீட்டில் எடுக்கவில்லை.

மீன் போய்விட்டது என்று படித்தபோது வேலை செய்துகொண்டிருந்த மாடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆனால் அண்டா வந்த வரியைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். அண்டா உங்கள் கட்டிலுக்கு அடியிலா இருக்கிறது?

நான் அதைத் தேடி மேலே போனேன் அப்பா.

உங்களை இறக்கிவிட்ட அடுத்த வாரம். தென்காசியில் சிநேகிதன் வீட்டுக்குப் போவதாக வீட்டில் கிடந்த ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிட்டுப் போனேனே, நீங்கள் ஷம்ஸியா அக்காவிடம் கொடுத்துப் படித்தீர்களே, அன்று. தென்காசிக்கு இல்லை. மாஞ்சோலை பஸ்ஸில் ஏறினேன். அந்தச் சத்தம் எனக்கும் காதை விட்டுப் போகவில்லை. லயனில் நம் வீட்டு வாசலில் அண்டா இல்லை. புதரெல்லாம் பார்த்தேன். மிச்சமிருந்த வீடுகளில் கேட்டேன். யாரோ பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டார்கள் என்றே நினைத்தேன். அம்மா பேர் இருந்த பாத்திரத்தை நான்தான் தொலைத்தேன் என்று உங்களிடம் எப்படிச் சொல்வேன்? நீங்கள் பேசமாட்டேன் என்று சத்தியம் செய்தது எனக்கு வசதியாகப் போயிற்று. நீங்கள் பேசினால் முதலில் அதைத்தான் கேட்பீர்கள் என்று பயந்து, ஒரு மாத லீவு முழுக்கச் சின்ன அறைக்குள் அந்தத் தொட்டியோடு இருந்தேன்.

நீங்கள் படுத்திருந்த கட்டிலுக்குக் கீழேயே இருந்திருக்கிறது.

கையெழுத்துக்கு முப்பத்தொன்றாம் தேதிவரை கெடு. ஜோடி இல்லை, கடை இல்லை. போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். அந்தச் சின்னத் தொட்டிக்கு இனி வேலை இல்லை. மோட்டாரை நிறுத்தித் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

கணேஷ்ராம்


பாளையங்கோட்டை
29 ஆகஸ்ட் 2025

ஏலே கணேஷ்ராமு,

நீ மேலே போனாயா?

ஷம்ஸியா அந்த இடத்தைப் படித்ததும் நிறுத்தச் சொல்லிவிட்டேன். மறுபடி படிக்கச் சொன்னேன். மூன்றாம் தரம் கேட்டபோது, "பெரியப்பா, எத்தனை தரம் படிச்சாலும் அவன் போனது போனதுதான்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை நாளாக ஒருத்தன் மேல் கோபத்தை ஊட்டி ஊட்டி வளர்த்திருக்கிறேன். அவன் புதருக்குள் அண்டா தேடியிருக்கிறான். அரை மாதமாக இதை எழுதச் சொல்லாமல் தள்ளிப் போட்டுவிட்டேன்.

மீன் இரண்டையும் குறுக்குத்துறைக்குக் கொண்டுபோய் ஆற்றில் விட்டேன். குளித்துக்கொண்டிருந்த ஒருவர், "என்ன வே, செத்த மீனை ஆத்துல விடுதீரு?" என்று கேட்டார். "கடல் மீனு. ஆத்தோட புன்னைக்காயல் கடலுக்குப் போய்ச் சேந்துக்கிடும்" என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் தள்ளிப் போய்க் குளித்தார்.

தொட்டியைக் கொட்டவில்லை. நீ முதலில் சொன்னதில் ஒன்றையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று, இறால் துண்டு போட்டுக்கொண்டே இருந்தேன். ஷம்ஸியா வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "யாருக்கு அண்ணாச்சி சோறு வைக்கிய?" என்றார். "உள்ள ஆளு இருக்கு" என்றேன்.

இன்று காலையில் குழாயில் பிடித்தேன். முதல் மருந்து மஞ்சள். இரண்டாவது மருந்து, நீலம். சந்தேகப்பட்டு மறுபடி பிடித்தேன். நீலம்தான். ஷம்ஸியாவும் அட்டையோடு வைத்துப் பார்த்தாள். இரண்டு கூட்டமும் வந்துவிட்டது. தண்ணீர் அப்படியே வெறும் தண்ணீராகத்தான் தெரிகிறது. ஒன்றுமே இல்லாதது மாதிரி.

ஜெனோவிடம் ஷம்ஸியாவைப் பேசச் சொன்னேன். அவன் கடை மறுபடி ஓடுகிறதாம். முட்டையிடுகிற ஜோடி இப்போது இல்லை, இளசு இரண்டு இருக்கிறது, சேர்ந்து வளர்ந்தால் ஜோடியாகும், ஆனால் நாள் பிடிக்கும் என்கிறான். பிடிக்கட்டும். அண்டாவைக் கொல்லையில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். மீன் இருக்கிற அறைப் பக்கம் அது வராது. நீ வந்தால் மறைக்கவும் மாட்டேன்.

இன்னொன்று. ஷம்ஸியா எனக்கு ஒரு வழி சொல்கிறாள். "நீங்க சத்தியம் பண்ணினது கோவத்துல பெரியப்பா, என்ன சொன்னோம்னு இப்ப யாருக்கு ஞாபகம் இருக்கு? முதல்ல அவன் பேசினா நான் பேசுவேன்னு சொன்னதா வச்சுக்கிடுவோம்" என்கிறாள். அப்படி வைத்துக்கொள்ள என்னால் முடியாது. ஒரு வார்த்தை விடாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. சாவடிக் கம்பு தூக்கியிருந்தது, டிரைவர் பீடி பற்ற வைத்தான், உன் சட்டையின் தோளில் தேயிலைத் தூசி இருந்தது. என் நாக்கு அழுகட்டும் என்றுதான் சொன்னேன். அய்யனாரும் மறந்திருக்கமாட்டார்.

தெரிந்தேதான் மீறுகிறேன். நாக்கு அழுகினால் அழுகட்டும். இறால் அழுகித்தானே உன் தண்ணீருக்கு உயிர் வந்தது.

முப்பத்தொன்றாம் தேதி கையெழுத்துக்குப் பேனாவை எடுக்கிறதுக்கு முன்னால் ஒரு தரம் போன் அடி. துண்டு கொடியில் காய்கிறது. போன் என் மடியில் இருக்கிறது.

உன் அப்பன்
முத்துமாலை